ஃபியூஜி எக்ஸ்-டி5: மூன்று சீசன் கழித்து, ஃபுல் ஃப்ரேம் கேள்விக்கு என் பதில்

என் அண்ணன் மகன் என்னோடு கல்யாண வேலைக்கு வருகிறான். லைட் பிடிப்பான், கூட்டம் அதிகமானால் இரண்டாவது கேமராவும் எடுப்பான். தை பிறந்து, முகூர்த்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட உட்காரும்போதெல்லாம் ஒரே பேச்சு: "அத்தை, இந்த சீசன் முடிஞ்சதும் ஃபுல் ஃப்ரேமுக்கு மாறிடலாம்." படம் விழும் சென்சார் பழைய 35 எம்எம் பிலிம் அளவுக்குப் பெரிதாக இருக்கும் கேமரா அது. என் கேமரா ஃபியூஜி எக்ஸ்-டி5-இல் சென்சார் அதைவிடச் சின்னது. இந்த முறை பேச்சைக் கொஞ்சம் மாற்றினான். "ஃபியூஜியை விட மனசு வரலைன்னா சரி. ஃபியூஜிக்காரங்களே ஃபுல் ஃப்ரேம் கொண்டுவந்தா மாறுவீங்களா?"

கொண்டுவர வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் சொல்லாமல் விட்டால் அது வெறும் பிடிவாதம் ஆகிவிடும். அதனால் மூன்று சீசனாக எக்ஸ்-டி5 எனக்கு என்ன செய்து கொடுத்தது, அந்த அளவு சென்சாரின் எல்லை எங்கே தெரிந்தது என்று எழுதிவிட்டு அவன் கேள்விக்கு வருகிறேன்.

வீடு சேலத்தில், குகை என்ற பகுதியில். ஸ்டுடியோ செவ்வாய்ப்பேட்டையில், அப்பா தொடங்கியது. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, இடையிடையே வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குக் கொலுசுப் படங்கள். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் ஏற்காடு ஏறிப் பறவை எடுப்பேன். அது மட்டும் எனக்காக. பெண் என்பதால் மணப்பெண் அறைக்குள் என்னைத்தான் அனுப்புவார்கள். ஜடை தைத்துக்கொண்டிருப்பார்கள், பெரியம்மா ஒருவர் நெற்றிச்சுட்டியை நேராக்குவார், பெண் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த முகம் இரண்டு நிமிடம்தான் இருக்கும். கையில் பெரிய லென்ஸோடு நுழைந்தால் எல்லாரும் நிமிர்ந்து சிரித்துவிடுவார்கள், முகம் போய்விடும். எக்ஸ்-டி5-இல் 35 எஃப்2 லென்ஸை மாட்டினால் (35 என்பது மில்லிமீட்டரில் குவிய நீளம், எஃப் எண் வெளிச்சம் நுழையும் துளை, எண் குறையக் குறையத் துளை பெரிது) மொத்தமே முக்கால் கிலோவுக்குக் கீழே. மூலையில் நிற்கும் என்னை அந்த அறை மறந்துவிடுகிறது.

கேமரா 2022 நவம்பரில் வெளிவந்தது. நான் 2023 தொடக்கத்தில் வாங்கினேன், பாடி மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. ஏபிஎஸ்-சி என்ற சின்ன அளவு சென்சார், 40 மெகாபிக்சல், பேட்டரியும் கார்டும் சேர்த்து 557 கிராம். இரண்டு கார்டு போடலாம். கல்யாண வேலைக்கு இது இல்லாத கேமராவை நான் தொடமாட்டேன். தாலி கட்டுவதைத் திரும்ப ஒருமுறை எடுக்க முடியாது.

மேலே ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்ற எண்), ஷட்டர், எக்ஸ்போஷர் திருத்தம் மூன்றுக்கும் தனித்தனி வட்டு இருக்கிறது. அப்பாவின் பழைய எஸ்எல்ஆரில் பழகிய கைக்கு இது பெரிய நிம்மதி. கேமராவை ஆன் செய்வதற்கு முன்பே எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மணமேடையிலிருந்து வெயிலில் நிற்கும் ஊர்வலத்துக்கு ஓடும்போது கட்டைவிரல் வட்டைத் திருப்பிக்கொண்டே போகும். ஸ்கிரீன் மேலே, கீழே மடங்குவதோடு செங்குத்தாகப் பிடித்தாலும் மடங்கும். கெட்டிமேளம் கொட்டியதும் முன்வரிசை மொத்தமும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும் இந்தக் காலத்தில், தலைக்கு மேல் கேமராவைத் தூக்கிப் பிடித்து, ஸ்கிரீனைக் கீழே சாய்த்து எடுத்த படங்கள்தான் பல ஆல்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். சேலத்து வெண்பட்டு வேட்டியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். மடியில் விழுகிற காலை வெளிச்சத்தில் வேட்டி சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளுத்துவிடும், நெசவே தெரியாது. முகத்தைக் காப்பாற்றினால் வேட்டி போகும், வேட்டியைக் காப்பாற்றினால் முகம் கறுக்கும். இதில் டிஆர்400 என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஐஎஸ்ஓ குறைந்தது 500 இருந்தால்தான் வேலை செய்யும். சென்சாரில் எக்ஸ்போஷரைக் குறைத்து வாங்கிக்கொண்டு, நிழலையும் நடுத்தர ஒளியையும் மட்டும் உள்ளேயே ஏற்றிக் கொடுக்கிறது. அதைப் போட்டு எடுத்தால் ஜரிகைக் கரைக்கும் உடலுக்கும் நடுவே பட்டு நூல் ஓடுவதும், மடிப்பின் உள்பக்கம் லேசாக மஞ்சள் தட்டுவதும் தெரிகிறது. குகையிலும் அம்மாபேட்டையிலும் நெசவுக் குடும்பத்துக் கல்யாணம் எடுக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. ஆல்பத்தில் முகத்துக்கு அடுத்து அவர்கள் பார்ப்பது துணியைத்தான். பழைய ஃபியூஜி பிலிம்களின் நிறத்தைக் கேமராவிலேயே தேர்ந்தெடுக்கலாம். புடவைக்கு அதில் அஸ்டியா வைத்துக்கொள்கிறேன். அரக்கும் மயில்கழுத்தும் நேரில் இருந்தபடியே வருகின்றன, தோல் சிவந்துபோவதில்லை. வெல்வியாவை மலைக்குப் போகும்போது மட்டும்.

இனி அந்த "ஃபுல்" என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு அதனோடு பழைய வழக்கு உண்டு.

அப்பாவிடம் இரண்டு வகை கேமரா இருந்தது. குரூப் போட்டோவுக்கு யாஷிகா மேட், 120 ரோல் போடுவது, ஒரு ரோலுக்கு சதுரமாகப் பன்னிரண்டு படம். ஓடியாடி எடுக்க 35 எம்எம் எஸ்எல்ஆர். 120 ரோலை "பெரிய பிலிம்" என்பார், 35 எம்எம்மை "சின்ன பிலிம்" என்பார். "சின்ன பிலிம்ல குரூப் எடுத்து பெருசு பண்ணினா பின்வரிசை முகமெல்லாம் ரவை ரவையா இருக்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அவர் சின்னது என்று சொன்ன அந்த 36 x 24 மில்லிமீட்டர்தான் இன்றைக்கு "முழு" ஃப்ரேம். சினிமா பிலிமின் 18 x 24 சட்டத்தை இரண்டு மடங்காக்கி ஆஸ்கர் பர்னாக் செய்த அளவு அது. 1925-இல் லைகா கேமராவாகச் சந்தைக்கு வந்தது. 120 ரோலின் சதுரப் படம் அதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. அப்பாவின் ஸ்டுடியோவில் யாரும் 35 எம்எம்மை முழுசு என்று கூப்பிட்டதில்லை. டிஜிட்டல் வந்தபோது முதலில் மலிவாகச் செய்ய முடிந்தது சின்ன சென்சார். ஆனால் எல்லாரிடமும் இருந்தது 35 எம்எம் லென்ஸ். அந்த லென்ஸின் படம் முழுவதும் விழுகிற சென்சார் என்பதால் ஃபுல் ஃப்ரேம் என்ற பெயர் நின்றது. அளவுக்கு வைத்த பெயர், தரத்துக்கு வைத்தது அல்ல. வாடிக்கையாளர் காதில் மட்டும் அது "முழுசு, அரைகுறை" என்று விழுகிறது. போன வருடம் ஒரு தாய்மாமா அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டார், "ஏம்மா, உங்க கேமரா ஃபுல் ஃப்ரேம் தானே?" என்று. ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அதற்காக சென்சார் அளவில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கு தெளிவானது. ஃபுல் ஃப்ரேமின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர், என்னுடையது சுமார் 366. ஒரே எக்ஸ்போஷரில் அதற்கு விழும் மொத்த வெளிச்சம் இரண்டேகால் மடங்குக்கு மேல், ஸ்டாப் கணக்கில் ஒன்றேகால் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இருட்டில் இது தெரியும்.

தெரிந்தது ஒரு ரிசப்ஷனில். வேலை பெரியது, பையன் ஆசைப்பட்டான், இரண்டு நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் செட் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. 24 மெகாபிக்சல் பாடி, 24-70 எஃப்2.8, 70-200 எஃப்2.8. மண்டபத்தில் மேடையைத் தவிர மற்ற இடமெல்லாம் சீரியல் லைட்டின் நீலம்தான். கடைசி வரிசையில் பாட்டி ஒருவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கேமராவிலும் ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்தோம். வாடகைக் கேமராவில் பாட்டியின் நரைமுடிக்கும் பின்னால் இருந்த இருட்டுக்கும் நடுவே எல்லை சுத்தமாக இருந்தது. என் படத்தில் அந்த இடத்தில் மெல்லிய பொரிப்பொரி, கொஞ்சம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஒரு படத்தில் அவன் சொன்னதுதான் சரி.

ஆனால் மறுநாள் காலை முகூர்த்தத்தில் 70-200 மாட்டிய அந்த செட் ஒன்றேமுக்கால் கிலோ எடை. நாலரை மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டுப் பந்தி வரைக்கும். பத்து மணிக்கு என் மணிக்கட்டில் பிடிப்பு விழுந்தது, நலங்குப் படங்களில் பாதி என்னால் நிதானமாக எடுக்க முடியவில்லை. கை நடுங்கினால் சென்சார் எவ்வளவு பெரியதாக இருந்து என்ன?

இரண்டு நாள் படங்களையும் 12 x 36 ஆல்பம் ஷீட்டாக அச்சடித்தோம். இதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான சோதனை. கம்ப்யூட்டரில் இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பது யாருக்கும் வேலை இல்லை. ஒரே படத்தை 36 அங்குலத்துக்கு இழுத்தால் என் கேமராவின் 7728 பிக்சல் அங்குலத்துக்கு 214 வருகிறது. 24 மெகாபிக்சலின் 6000 பிக்சல் 166 வருகிறது. பந்தலுக்குக் கீழே ஐம்பது பேர் நிற்கிற குரூப் ஷீட்டைப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்தேன். எது எந்தக் கேமரா என்று சொல்லவில்லை. அவர் விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். என் ஷீட்டில் கடைசி வரிசை வரை போனார். மற்றதில் கடைசி வரிசையில் ஒருவரிடம் நின்று, "இது யாரு, சின்னவனா?" என்று மகளைக் கேட்டார். பாட்டி படத்தைப் பார்த்தபோது இரண்டையும் ஒரே மாதிரிதான் வருடினார். பொரிப்பொரியை நான்தான் பார்த்தேன்.

சரி, அவனுடைய மற்ற வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். அவனும் படித்துவிட்டுத்தான் வாதாடுகிறான்.

எடை கம்மி என்று நான் சொன்னதும் அவன் போனை நீட்டினான். சோனி ஏ7சி 509 கிராம், கேனன் ஆர்பி 485 கிராம். இரண்டும் ஃபுல் ஃப்ரேம், இரண்டும் என் எக்ஸ்-டி5-ஐவிட லேசு. உண்மை. என்னிடம் இருக்கும் 50-140 எஃப்2.8 லென்ஸ் 995 கிராம். இன்றைய புதிய ஃபுல் ஃப்ரேம் 70-200 எஃப்2.8 லென்ஸ்கள் சிலவும் கிட்டத்தட்ட அதே எடைக்கு வந்துவிட்டன. அதுவும் உண்மை. நான் ஆசையோடு வாங்கிய 56 எஃப்1.2, பின்னணி கரைவதில் ஃபுல் ஃப்ரேமின் 85 எஃப்1.8-க்குத்தான் சமம். 85 எஃப்1.8 லென்ஸ்கள் பல கம்பெனியிலும் மலிவாகவே கிடைக்கின்றன. கொலுசு எடுக்கும்போதும் அப்படித்தான். சலங்கை மணி முதல் கடைசிக் கண்ணி வரை கூர்மையாக வர நான் எஃப்8 வைத்தால் ஃபுல் ஃப்ரேம்காரர்கள் எஃப்12 வைக்க வேண்டும், ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டால் அங்கேயும் கடைசியில் சமமாகிவிடும். ஒளியியல் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. சின்ன சென்சார் என்றால் எல்லாம் தானாகவே சின்னதாக, மலிவாக ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் எனக்கு லாபம் எங்கே? பிக்சல் நெருக்கத்தில். அதை ஏற்காட்டில் பார்க்கலாம்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இருட்டிலேயே ஏறிவிடுவேன். சேர்வராயன் கோயில் போகும் சாலையில் ஒரு காபித் தோட்டம், சொந்தக்காரருக்கு என்னைத் தெரியும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காபிச் செடி இடுப்பளவு, பனியில் எல்லாம் நனைந்திருக்கும். செம்மீசைச் சின்னான் எப்போதும் இருக்கும். நான் காத்திருப்பது அரசவால் ஈப்பிடிப்பானுக்காக. வெள்ளை ஆண் பறவை நிழலுக்குள் பறந்தால் யாரோ ரிப்பனைச் சுண்டிவிட்டது போல இருக்கும். நின்ற இடத்தில் நிற்காது. ஒரு கிளையில் இரண்டு நொடி உட்காரும், வாலைச் சரிசெய்யும், பூச்சியைப் பிடித்துக்கொண்டு வேறு கிளைக்குப் போய்விடும். என் லென்ஸ் 70-300, 580 கிராம். ட்ரைபாட் கிடையாது, அந்தச் சரிவில் ஊன்ற இடமும் இல்லை.

பத்து மீட்டர் தூரத்தில் பறவை. வாலை விட்டுவிட்டு உடலை மட்டும் இருபது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300-இல் சென்சாரில் விழும் உருவம் ஆறு மில்லிமீட்டர் சொச்சம். என் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3 மைக்ரான். அப்படியானால் பறவையின் மேல் கிட்டத்தட்ட 2000 பிக்சல். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் பிக்சல் 6 மைக்ரான், அதே 300 லென்ஸில் 1000 பிக்சல். என் நெருக்கத்தை ஃபுல் ஃப்ரேமில் நிரப்ப வேண்டுமானால் 90 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும். இல்லையென்றால் அந்த 24 மெகாபிக்சலுக்கு 600-க்கு நீளும் லென்ஸ் வேண்டும். வெளிச்சம் இருக்கும்போது இந்த வித்தியாசம் நேராகப் படத்தில் தெரிகிறது: கண்ணைச் சுற்றி ஓடும் நீல வளையம், கொண்டையில் தனித்தனியாக நிற்கும் முடிகள், அலகின் ஓரத்து மீசைமயிர். பனி கலைவதற்கு முன் ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போக வேண்டிவந்தால் அந்த ஒன்றேகால் ஸ்டாப்பை நினைத்துக்கொள்வேன். ஏழரை மணிக்கு வெயில் சில்வர் ஓக் இலைக்குள் இறங்கியதும் அந்த நினைப்பு போய்விடும். கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரியில் திறந்த வெளியில் எடுக்கும்போது அந்த நினைப்பு வருவதே இல்லை.

இவ்வளவும் ஒரு கேமராவைப் பற்றி. கம்பெனி என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. என் கவலையெல்லாம் அங்கேதான்.

ஃபியூஜி லென்ஸ் மாற்றும் இந்த எக்ஸ் கேமராக்களை 2012-இல் எக்ஸ்-ப்ரோ1-உடன் தொடங்கியது. முதல் நாளே மூன்று நல்ல லென்ஸ்: 18 எஃப்2, 35 எஃப்1.4, 60 மேக்ரோ. ஒப்புக்கு, கேமராவோடு சேர்த்து விற்கும் ஒரு சாதாரண கிட் லென்ஸைக் கொடுத்துவிட்டு, "வளர்ந்ததும் பெரிய கேமரா வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. பிறகு 2017-இல் ஜிஎஃப்எக்ஸ் வந்தது, 43.8 x 32.9 சென்சார், ஃபுல் ஃப்ரேமைவிட 1.7 மடங்கு. நடுவில் இருப்பதைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அது அப்பாவின் ஸ்டுடியோ மாதிரியே படுகிறது: பெரிய பிலிமுக்கு ஒன்று, சின்ன பிலிமுக்கு ஒன்று, ஒன்றின் வேலையை இன்னொன்று பிடுங்காது.

நடுவில் ஃபுல் ஃப்ரேமை வைத்தால் என்ன ஆகும்? எக்ஸ் லென்ஸ்கள் வீசும் வெளிச்ச வட்டம் 28 மில்லிமீட்டர் மூலைவிட்டம் கொண்ட சென்சாரை மறைக்கச் செய்தது. ஃபுல் ஃப்ரேமுக்கு 43 மில்லிமீட்டர் வேண்டும். என்னிடம் இருக்கும் ஒரு லென்ஸும் அதற்கு உதவாது. புதிதாக மூன்றாவது லென்ஸ் வரிசை தொடங்க வேண்டும், சோனியும் கேனனும் நிக்கானும் பல வருடம் முன்னே ஓடிக்கொண்டிருக்கும் பாதையில். லென்ஸ் வடிவமைக்கும் ஆட்கள் அதே ஆட்கள், தொழிற்சாலை நேரமும் அதே நேரம். எங்கிருந்து எடுப்பார்கள்? எங்களிடமிருந்துதான்.

இது வெறும் பயம் இல்லை, நடந்தவற்றைப் பாருங்கள். நிக்கான் 2019-இல் இசட்50 என்ற சின்ன சென்சார் மிரர்லெஸ்ஸைக் கொண்டுவந்தது. அதற்கென்று டிஎக்ஸ் வரிசையில் முதல் பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாதது), 24 எஃப்1.7, 2023-இல் வந்தது. சோனியின் இ மவுண்ட் (மவுண்ட் என்றால் கேமராவில் லென்ஸை மாட்டும் வாய்) 2010-இல் சின்ன சென்சாருக்காகவே பிறந்தது. 2013-இல் அதே மவுண்டில் ஃபுல் ஃப்ரேம் ஏ7 வந்தது. சின்ன சென்சாருக்கு ஒரு 16-55 எஃப்2.8 கிடைக்க 2019 வரை ஆனது. கேனனின் ஈஎஃப்-எம் 2012-இல் வந்தது. 2018-இல் ஃபுல் ஃப்ரேமுக்கு ஆர்எஃப் என்று வேறு மவுண்ட் போட்டார்கள், அதில் ஈஎஃப்-எம் லென்ஸை மாட்டவே முடியாது. 2022-இல் சின்ன சென்சார் கேமராக்களும் ஆர்எஃப் பக்கம் போய்விட்டன. ஈஎஃப்-எம் லென்ஸ் சேர்த்து வைத்திருந்தவர்கள் தனியாக நின்றார்கள்.

பானசோனிக்கைக் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேள்விக்கு மிக அருகில் நிற்பது அதுதான். என்னுடையதைவிடவும் சின்ன சென்சார் வகையான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் உலகின் முதல் கேமராவை 2008-இல் செய்தவர்கள். 2018-இல் லைகா, சிக்மாவோடு கூட்டு அறிவித்து, 2019-இல் எஸ்1 என்று ஃபுல் ஃப்ரேமுக்குள் வந்தார்கள். சின்ன வரிசையைக் கைவிடவில்லை, ஜிஎச்6-உம் ஜிஎச்7-உம் அதற்குச் சாட்சி. ஆனால் போட்டோ எடுப்பவர்கள் நம்பியிருந்த ஜி9-க்கு அடுத்தது வர ஆறு வருடம் ஆயிற்று. 2017 முதல் 2023 வரை. வந்த ஜி9 இரண்டாம் பதிப்பும் ஃபுல் ஃப்ரேம் எஸ்5 இரண்டாம் பதிப்பின் அதே பாடிக்குள் வந்தது. சென்சார் கால் பங்கு, உடம்பு அதே உடம்பு. கேமரா நல்ல கேமராதான். ஆனால் சின்னதாக இருக்கட்டும் என்று அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது என்ன பதில்?

சின்ன சென்சாரைப் படிக்கட்டாக வைத்திருக்கும் கம்பெனியில் வாங்கினால் நான் படியில் நிற்பவள். எப்போது மேலே வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே அது வீடு. எஃப்2 பிரைம்கள் 23, 35, 50 மூன்றையும் சேர்த்தால் 550 கிராம், மூன்றும் சாரலைத் தாங்கும். இதை யோசித்துச் செய்தவர்கள் என்னைப் போன்ற ஒருத்தியை மனதில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். 16-55 எஃப்2.8 பழையது 655 கிராம் இருந்தது. 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பு 410. ஃபுல் ஃப்ரேம் வரிசை ஒன்று இருந்திருந்தால் இந்த 245 கிராமைக் குறைக்க யாராவது உட்கார்ந்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. "எடை கம்மியாக வேண்டுமா, எஃப்4 வாங்கிக்கொள்ளுங்கள்" என்று இருந்திருக்கும்.

ஃபியூஜி செய்யாவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள் என்கிறான் பையன். போவார்கள். என்னோடு தொழில் பழகியவர்களிலேயே இரண்டு பேர் போயிருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். இரவு ரிசப்ஷனை மட்டும் நம்பிப் பிழைப்பவருக்கு நானே ஃபுல் ஃப்ரேம் வாங்கச் சொல்வேன். ஆனால் அவர்களைப் பிடித்து வைக்க அதே தெருவில் இன்னொரு கடை போடுவதைவிட, இருக்கிற வரிசையில் இருக்கும் ஓட்டையை அடைக்கலாம். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒரு 300 எஃப்4, ஒரு கிலோவுக்குக் கீழே. 70-300 முழுதாக நீண்டால் எஃப்5.6. பனி நேரத்தில் அந்த ஒரு ஸ்டாப் எனக்குக் கிடைத்தால் ஃபுல் ஃப்ரேம் ஆளிடம் நான் கேட்க ஒன்றும் இருக்காது. மண்டபத்துக்கு 33 எஃப்1.4 ஏற்கெனவே இருக்கிறது. சிக்மாவின் 18-50 எஃப்2.8 வெறும் 285 கிராம், எக்ஸ் மவுண்டிலேயே கிடைக்கிறது. வெளிக் கம்பெனிகளுக்கு மவுண்டைத் திறந்துவிட்டதும் நல்ல வேலை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கல்யாணம், குடும்பம், பயணம், கொஞ்சம் பறவை என்று கலந்து எடுப்பவர் தாராளமாக வாங்கலாம். ஸ்கிரீன் பக்கவாட்டில் திறந்து முன்னால் திரும்பாது, தன்னையே வீடியோ எடுப்பவர்கள் வேறு பார்க்க வேண்டும். எல்இடி லைட் இருக்கும் மண்டபத்தில் எலக்ட்ரானிக் ஷட்டரைத் தொடாதீர்கள், பட்டை விழும். பெரும்பாலான கேமராக்களுக்கு இது பொருந்தும். பேட்டரி ஒரு முகூர்த்தத்துக்கு எனக்கு இரண்டு ஆகிறது, மூன்றாவது பையில் இருக்கட்டும்.

பையனிடம் இதையெல்லாம் போன வாரம் வெள்ளிப் பட்டறை வாசலில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பாட்டி படத்தை எடுத்துக் காட்டினான். நான் மறுக்கவில்லை. கடைசியில் இப்படி முடிவாயிற்று: வைகாசியில் வரும் பணத்தில் அவன் பங்கில் அவனுக்குப் பிடித்த ஃபுல் ஃப்ரேம் ஒன்றை அவன் பெயரில் வாங்கிக்கொள்ளட்டும். ரிசப்ஷன் அவன் எடுப்பான். மணப்பெண் அறையும் முகூர்த்தமும் நான்.